பதுங்குகுழிக்குள் ஒரு நாடகம்

ஆர்.சி. ஷெரிஃப் எழுதிய 'ஜர்னிஸ் எண்ட்' நாடகத்தில் போர்க்களம் மேடைக்கு வருவதே இல்லை. முதல் உலகப் போர், 1918 மார்ச், பிரான்சில் ஒரு பதுங்குகுழி. ஜெர்மன் தாக்குதலுக்காகக் காத்திருக்கும் சில பிரிட்டிஷ் அதிகாரிகள். அவ்வளவுதான்.

ஷெரிஃப் அந்தப் போரில் அதிகாரியாக இருந்து காயம்பட்டவர். அதனாலோ என்னவோ, வீரவசனம் பேச வைக்கவில்லை. சூப்புக்கு மிளகு இல்லையே என்று கவலைப்படுகிறார்கள். அந்த மிளகுப் பேச்சுக்கு அடியில் இருக்கும் பயம் என்னை உலுக்கிவிட்டது.

1928 டிசம்பரில் லண்டனில் முதல் மேடையேற்றம். அந்த அதிகாரிகளின் தலைவரான கேப்டன் ஸ்டான்ஹோப்பாக, பின்னாளில் பெரும் புகழ்பெற்ற நடிகர் லாரன்ஸ் ஒலிவியர், தன் இளம் வயதில்! அடுத்த வருஷமே பிபிசி வானொலியில் வந்தது. 1937 நவம்பர் 11, போர்நிறுத்த நினைவு நாளில், தொலைக்காட்சியில் நேரலையாகவே நடித்தார்கள். பிபிசி தொலைக்காட்சிக்கு அப்போது ஒரு வயதுதான். அந்த ஒளிபரப்பு இன்று பார்க்கக் கிடைக்காதது பெரிய இழப்பு.

என்னைக் கேட்டால், இந்த நாடகத்துக்கு மிகவும் பொருந்துவது வானொலிதான். குழிக்குள் இருப்பவர்களுக்கும் போர் பெரும்பாலும் சத்தம்தானே. திடீரென்று பீரங்கிகள் ஓய்ந்துவிட்டால் அவர்களுக்கு இன்னும் கலக்கம். கேட்கிற நமக்கும் அப்படித்தான்.

முதலில் ஒரு வானொலி வடிவத்தைக் கேளுங்கள். அப்புறம் ஜெரமி நார்தம் நடித்த 1988 பிபிசி தயாரிப்பைத் தேடிப் பாருங்கள்.