ஜிஜி ரீவா: சில இரவுகளின் குறிப்பு

ஜனவரி 23, 2024, செவ்வாய். அதிகாலை 3 மணி

தூங்கியிருக்க வேண்டிய நேரம். காலை ஆறரைக்கு விசிலோடு கிரவுண்டில் நிற்க வேண்டியவன் நான். ஆனாலும் ரியாத்தில் நடந்த நாப்போலி-இன்டர் இத்தாலிய கால்பந்து சூப்பர் கோப்பை இறுதியை விட மனசு வரவில்லை. நம் நேரத்துக்குப் பன்னிரண்டரை மணி ஆட்டம். முதல் பாதி கோலே இல்லாமல் இழுத்தது. இடைவேளை முடிந்து வந்தவர்கள் ஆட்டத்தைத் தொடங்காமல் நின்றார்கள். மௌன அஞ்சலி. பழைய இத்தாலிய ஆட்டக்காரர் ஜிஜி ரீவா சற்று முன்புதான் சார்டினியாத் தீவின் கால்யாரி நகரில் இறந்துபோனாராம். 79 வயது.

கூட்டத்தில் ஒரு பகுதி அந்த மௌனத்தின் நடுவிலேயே விசிலடித்தது. சுருக்கென்று கோபம் வந்தது, பிறகு தணிந்தது. அவர்களுக்கு ரீவா யாரோ எவரோ. என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளிடம் இத்தாலிக்காக அதிக கோல் அடித்தது யார் என்று கேட்டால் டோட்டி என்பான் ஒருவன், பாஜ்ஜோ என்பான் இன்னொருவன். ரீவா 42 ஆட்டங்களில் 35 கோல். 1974 உலகக் கோப்பையோடு அந்த நீலச் சட்டையைக் கழற்றி வைத்தார். ஐம்பது வருஷமாக யாரும் அதைத் தாண்டவில்லை.

ஜனவரி 24, புதன்

இன்று இறுதிச் சடங்கு. கால்யாரியில் பொனாரியா மாதா கோயில் படிகளிலும் அதைத் தாண்டியும் தலைகள். முப்பதாயிரம் பேர் இருக்கும் என்கிறார்கள்.

இத்தனைக்கும் அவர் அந்த ஊர்க்காரரே இல்லை. பிறந்தது 1944 நவம்பர் 7, இத்தாலியின் வடகோடியில் மஜ்ஜோரே ஏரிக்கரையில் இருக்கும் லெஜ்ஜூனோ. அப்பா தொழிற்சாலை விபத்தில் போனபோது பையனுக்கு ஒன்பது வயதுகூட நிரம்பவில்லை. பாதிரிமார் நடத்திய விடுதியில் கொண்டுபோய் விட்டார்கள். அந்த விடுதியைப் பற்றி வயதான பிறகும் கசப்போடுதான் பேசுவார். இருபது வயதுக்குள் அம்மாவும் இல்லை. மிச்சம் ஓர் அக்கா.

1963இல் லெஞ்ஞானோ என்ற மூன்றாம் பிரிவு அணியிலிருந்து கால்யாரி அணி அவரை வாங்கியது. போக இஷ்டமே இல்லை. நம் ஊரில் அதிகாரிகள் 'தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்' என்று மிரட்டுவார்களே, இத்தாலிக்காரர்களுக்கு அந்தக் காடு சார்டினியாத் தீவுதான். தவறு செய்த போலீஸ்காரனையும் சிப்பாயையும் அங்கேதான் அனுப்புவார்கள். கொஞ்ச நாள் ஓட்டிவிட்டுத் திரும்பிவிடலாம் என்ற எண்ணத்தோடுதான் இவரும் வந்திறங்கினார். வந்த முதல் சீசனிலேயே அணி முதல் பிரிவுக்கு ஏறியது. கால்யாரி அதுவரை அந்தப் படியை மிதித்ததில்லை.

ஜனவரி 26, வெள்ளி

கொடியேற்றி மிட்டாய் கொடுத்து முடித்ததும் பள்ளிக்கூடம் காலி. நான்கைந்து பிள்ளைகள் மட்டும் போகாமல் நின்றார்கள். அதில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடதுகால்காரி. அவளுக்காக போனில் ரீவாவின் ஒரு கோலைக் காட்டினேன். 1970 ஜனவரி 18, விசென்சா ஊரில் அடித்தது.

கறுப்பு வெள்ளைப் படம், புள்ளிபுள்ளியாகத்தான் தெரிகிறது. ரீவா கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கிறார். பந்து தலைக்கு மேலே வருகிறது. நெஞ்சில் வாங்கித் திரும்பலாம், மற்றவன் அதைத்தான் செய்வான். இவர் வலதுகாலை முதலில் மேலே வீசுகிறார், அது வெறும் எம்பலுக்கு. உடம்பு தரைக்குச் சமமாகப் படுத்ததும் கத்தரிக்கோல் மாதிரி இடதுகால் வந்து பந்தைச் சந்திக்கிறது. பிள்ளைகள் எல்லாம் காலையே பார்த்தார்கள். நான் நிறுத்தி நிறுத்திக் காட்டியது இடுப்பை. உதை அங்கிருந்து கிளம்புகிறது, கால் வெறும் சாட்டை நுனி.

"சார், கீழ விழுந்தா முதுகு போயிடாதா?" என்றாள்.

போகும்மா. மண் தரையில் இதைச் செய்து பார்த்து என் பிழைப்பில் மண்ணைப் போடாதே என்று சொல்லி அனுப்பினேன்.

அவர் உதையின் வேகத்துக்கு ஒரு கதை உண்டு. பயிற்சியில் குறி தவறிய ஒரு ஷாட், வலைக்குப் பின்னால் நின்ற சிறுவனின் கையை முறித்துவிட்டது. ஜான்னி பிரேரா என்ற பத்திரிகையாளர் அவருக்கு 'ரோம்போ தி துவோனோ' என்று பேர் வைத்தார். இடிமுழக்கம். நம் ஊர்ப் பட்டப்பெயர்களைப் போல இது பொய்யில்லை.

ஜனவரி 27, சனி

கால்யாரி-டொரினோ ஆட்டம் ராத்திரி ஒன்றேகாலுக்கு. ரீவா போனபின் சொந்த மண்ணில் முதல் ஆட்டம். சினிமாவாக இருந்தால் ஜெயித்திருப்பார்கள். 1-2 என்று தோற்றார்கள்.

தூக்கம் கலைந்துவிட்டதால் 1969-70 இத்தாலிய லீக் சீசனை எடுத்து உட்கார்ந்தேன். முப்பது ஆட்டம். கால்யாரி அடித்தது 42 கோல், அதில் சரிபாதி, 21, ரீவா கணக்கு. வாங்கியது வெறும் 11. கோல்கீப்பர் அல்பெர்தோசி. முந்தைய கோடையில் போனின்சென்யாவை இன்டருக்குக் கொடுத்துவிட்டு தொமெங்கினி, கோரி, போலி என்று மூன்று பேரை வாங்கியிருந்தார்கள். அந்த ஒரு கைமாற்றில்தான் கோப்பை பாதி வந்தது என்பது என் கணக்கு.

பயிற்சியாளர் ஸ்கோபின்யோவை 'தத்துவஞானி' என்பார்கள். ராத்திரி ஓர் அறையைத் திறந்தால் ஆட்டக்காரர்கள் சீட்டாடிக்கொண்டிருக்கிறார்கள், அறை முழுக்கப் புகை. எல்லோருக்கும் உயிர் போய்விட்டது. மனுஷன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு, நானும் ஒரு சிகரெட் பிடிக்கலாமா, தொந்தரவு இல்லையே என்றாராம். கொஞ்ச நேரத்தில் அறை காலி. நான் இதை விடுதிப் பையன்களிடம் முயன்றால் வேலை போய்விடும்.

1970 மார்ச் 15, பட்டத்துக்குப் போட்டியாக இருந்த யுவென்டஸோடு டூரினில். கால்யாரியின் தற்காப்பு ஆட்டக்காரர் நிக்கொலாய் சொந்த வலைக்குள்ளேயே ஒன்று போட்டுக் கொடுத்தார் (அவருக்கு அது வழக்கம், பாவம்). ரீவா இரண்டு அடித்து 2-2 ஆக்கினார். ஏப்ரல் 12, கால்யாரியின் அம்சிகோரா மைதானம், பாரி அணிக்கு எதிராக 2-0. அதே நாள் ரோமில் யுவென்டஸ் தோற்றது. இரண்டு ஆட்டம் பாக்கி இருக்கும்போதே சாம்பியன். ரோமுக்குத் தெற்கே அதற்கு முன் எந்த அணிக்கும் இந்தப் பட்டம் போனதில்லை. வடக்கே ஆடப் போனால் 'ஆட்டுக்காரப் பயல்களே, கொள்ளைக்காரப் பயல்களே' என்று கத்துவார்களாம். அந்த வசவு தனக்கும் சேர்த்துத்தான் என்று லெஜ்ஜூனோவில் பிறந்த ரீவா எடுத்துக்கொண்டார்.

ஜனவரி 30, செவ்வாய்

இன்று கால்களைப் பற்றி மட்டும்.

1967 மார்ச் 27, ரோம். போர்ச்சுகலோடு ஆட்டம், கோல்கீப்பரோடு மோதி இடதுகால் முறிந்தது. மறு வருஷம் ஜூனில் ஐரோப்பியக் கோப்பை இறுதி. யூகோஸ்லாவியாவோடு முதலில் சமன், இரண்டு நாள் கழித்து மறு ஆட்டம். அதில் முதல் கோல் ரீவா, அதே இடதுகால். இத்தாலி 2-0.

1970 மெக்சிகோ உலகக் கோப்பை. மெக்சிகோவுக்கு எதிராக இரண்டு கோல் போட்டார். மேற்கு ஜெர்மனியோடு அந்த 4-3 அரையிறுதியில் கூடுதல் நேரத்தில் மூன்றாவது கோல் இவருடையது: பந்தை வாங்கி ஒரு திரும்பு திரும்பி, எட்டாத மூலைக்குத் தாழ்வாக ஓர் உதை. ஜெர்மனியின் பெக்கன்பவர் அடிபட்ட கையை உடம்போடு கட்டுப் போட்டுக்கொண்டு ஆடிய அதே ஆட்டம்.

அதே வருஷம் அக்டோபர் 31, வியன்னா. ஆஸ்திரியாவோடு. பின்னாலிருந்து வந்த ஓர் அடி, இப்போது வலதுகால் முறிந்தது. அதற்குப் பத்து நாள் முன்புதான் கால்யாரி முதல்முறையாக ஆடிய, கிளப் அணிகளுக்கான ஐரோப்பிய சாம்பியன் கோப்பையில் அத்லெடிகோ மாட்ரிட்டை 2-1 வென்றிருந்தது. வியன்னா முடிந்து நாலாவது நாள் மாட்ரிட்டில் எதிர் ஆட்டம். ரீவா இல்லை. 0-3. கதை முடிந்தது. நாட்டுக்கு இரண்டு காலையும் கொடுத்தவர் என்று இத்தாலியில் சொல்வார்கள். கால்யாரி கொடுத்ததை யாரும் கணக்கில் எழுதவில்லை.

பிப்ரவரி 1, வியாழன்

1976இல் இதே தேதி. மிலானோடு ஆட்டம். பந்துக்கு ஓடும்போது வலது தொடையில் தசைநாண் கிழிந்தது. 31 வயது. அதன்பின் திரும்பி வரப் பார்த்தார், முடியவில்லை. அந்த சீசன் கால்யாரி இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது.

யுவென்டஸ் கேட்டுக்கொண்டே இருந்தது. 1973இல் கால்யாரி நிர்வாகமே விற்கத் தயார், அவர்தான் முடியாது என்றார். இந்த வாரம் பூராவும் எல்லோரும் 'விசுவாசம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் ஒட்டவில்லை. விசுவாசம் என்றால் கொடுத்த வாக்கு, பட்ட கடன் என்று ஏதாவது இருக்க வேண்டும். திரும்பிப் போனால் கதவைத் திறக்க வீட்டில் ஆளில்லாத பையனை, மீனவர் வீட்டிலும் மேய்ப்பர் வீட்டிலும் சாப்பிட உட்கார வைத்தார்கள். அந்தச் சாப்பாட்டு மேசையை விட்டு எழுந்து டூரினுக்கு எதற்குப் போவது? பட்டங்கள் போயிற்று, அது உண்மை. 1970க்குப் பிறகு ஒன்றுகூட இல்லை.

2005இல் பதினொன்றாம் எண் சட்டையை இனி யாருக்கும் தருவதில்லை என்று கால்யாரி நிறுத்திவைத்தது. தேசிய அணியோடு மேலாளராக வருஷக்கணக்கில் சுற்றினார். 2006இல் பெர்லினில் உலகக் கோப்பை தூக்கியபோதும் கூட இருந்தார்.

எனக்குப் பிடித்தது வேறு. ஆட முடியாமல் போன அதே 1976இல் கால்யாரியில் சின்னப் பிள்ளைகளுக்கு ஒரு கால்பந்துப் பள்ளி ஆரம்பித்தார். ஆறு வயது, ஏழு வயதுப் பொடிசுகள். இடிமுழக்கம் அவர்களுக்குப் பந்தை எப்படி உருட்டிப் போட்டிருப்பார் என்று யோசித்துக்கொண்டே இருக்கிறேன். மெதுவாகப் போடுவதுதான் கஷ்டம்.