ஒரு பக்கம் மட்டும் தேய்ந்த பேட்

பைக்கின் முன் சக்கரத்தைத் தூக்கிக் கையால் சுற்றினால் அரைச் சுற்றிலேயே நின்றுவிடும். பெங்களூரு சில்க் போர்டு நெரிசலில் ஊர்ந்து அல்சூர் வீட்டுக்கு வந்து சேரும்போது பிரேக் டிஸ்க் தோசைக்கல் மாதிரி கொதிக்கும். டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்திப் பிடிக்கும் பேட் தீர்ந்துபோச்சு என்று முடிவு கட்டி, ஜே.சி. ரோட்டில் 280 ரூபாய்க்குப் புது பேட் வாங்கி வந்தேன்.

ஞாயிறு காலை கழற்றினால் கதையே வேறு. பிஸ்டன் பக்கத்துப் பேடில் இரும்புத் தகடு எட்டிப் பார்க்கிறது. வெளிப் பேட் பாதிகூடத் தேயவில்லை. என் வண்டியில் ஒரே பிஸ்டன்தான். அது உள் பேடைத் தள்ளும்போது, பேடுகளைத் தாங்கும் கவ்வியான காலிப்பர் இரண்டு பின்களின் மேல் நகர்ந்து வெளிப் பேடையும் டிஸ்க்கோடு சேர்க்க வேண்டும். இங்கே ஒரு பின் அசையவே மாட்டேன் என்கிறது. அதை மூடியிருக்கும் ரப்பர் உறை, அதாவது பூட், நீரில் ஊறிய அப்பளம்போல உப்பிக் கிழிந்திருந்தது. உள்ளே மழைத்தண்ணீர், துரு.

வேறு யாரையும் திட்ட முடியாது. போன வருஷம் வீட்டில் கிடந்த சாதா கிரீஸை அள்ளி அப்பியவன் நான்தான். பெட்ரோலிய கிரீஸ் பட்டால் அந்த ரப்பர் உப்பிவிடும், சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும் என்பது அப்போது தெரியாது.

மறுபடி ஜே.சி. ரோடு. கடைக்காரர் பின்னை விரலால் தடவினார். "குழி விழுந்திருக்கு சார். உப்புத்தாள் போட்டாலும் நிக்காது, புதுசே போட்டுடுங்க." பின், பூட், சின்ன பாக்கெட் கிரீஸ் எல்லாம் சேர்த்து 110 ரூபாய். ஆக, வியாதியின் வேருக்கு மருந்து பேடைவிட மலிவு.

இந்த ஞாயிறு பின் ஓட்டையைத் துணி திரித்துத் துடைத்தேன். புது பூட்டை உட்கார வைத்துப் பின்னைச் செருகியதும் விரலால் தள்ளினாலே வழுக்கிக்கொண்டு போனது. அந்தச் சந்தோஷத்தில் இருந்தபோது என் மகன் பிரேக் லீவரை ஒரு அமுக்கு அமுக்கினான். காலிப்பர் வெளியே தொங்குகிறது, பிஸ்டன் விரல் அகலம் வெளியே வந்துவிட்டது! மேல்வீட்டு ஆட்டோ அண்ணன் மாடியிலிருந்தே கத்தினார்: "தம்பி, இன்னொரு தடவ அமுக்கினா ஆயிலோட கையில வந்துடும்!" லீவரைத் துணியால் கட்டிவைத்திருக்க வேண்டும். ஆயில் டப்பா மூடியைத் திறந்து, சுற்றிலும் பழைய பனியனைச் சுருட்டி வைத்து, பிஸ்டனை மெதுவாக உள்ளே தள்ளினேன். அப்படியும் டேங்க்கில் ஒரு சொட்டு. பிரேக் ஆயில் பெயின்ட்டைத் தின்றுவிடும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவினேன்.

பேட் மாட்டி, மூடி, லீவர் கெட்டியாகும் வரை பத்துப் பதினைந்து தடவை அடித்தேன். அப்புறம் ஏரிப் பக்கம் மெதுவாக ஓட்டிப் புது பேடைப் பழக்கினேன். சக்கரம் இப்போது மூன்று சுற்று சுற்றுகிறது, லேசான உரசல் சத்தத்தோடு. டிஸ்க் பிரேக்கில் அந்த அளவு இருக்கும்.

டப்பாவில் இருக்கும் ஆயில் மட்டும் டிகாஷன் நிறத்தில் இருக்கிறது. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டியது, மூன்றாகிவிட்டது. டாட் 4 பிரேக் ஆயில் ஒரு பாட்டில் வாங்கியாயிற்று. அடுத்த ஞாயிறு, மகன் டியூஷன் போன பிறகு.