வான்கோழிக் காலும் ஆறு சென்ட் கடிதமும்

திங்கட்கிழமை அருங்காட்சியகம் திறந்திருக்குமா என்று பார்த்துவிட்டுக் கிளம்பியிருக்க வேண்டும். பார்க்கவில்லை. பாஸ்டனிலிருந்து விடியற்காலையில் புறப்பட்டு, நார்தாம்ப்டனில் இறங்கி, டவுன் பஸ் பிடித்து ஊர் போய்ச் சேர்ந்தால், பெனெஸ்கி அருங்காட்சியகம் பூட்டிக் கிடக்கிறது. கல்லில் பதிந்த டைனோசர் காலடிகளைப் பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனதே. ‘ஆம்ஹெர்ஸ்ட்’ என்று டிக்கெட் கேட்டபோதே பஸ் ஓட்டுநர் திருத்தினார்: இந்த ஊரில் ‘ஹ’ கிடையாது, ஆமர்ஸ்ட். அன்றைக்கு எனக்கு விழுந்த முதல் குட்டு அது.

நல்லவேளையாக, ஆமர்ஸ்ட் கல்லூரியின் ஃப்ராஸ்ட் நூலகத்தில் மத்தியானம் பழைய கடிதங்களைப் பார்க்க முன்கூட்டியே அனுமதி வாங்கியிருந்தேன். முதலில் கல், பிறகு காகிதம் என்று போட்ட திட்டம் தலைகீழானது.

கடிதங்கள் இந்தக் காலடிகளை ஆராய்ந்த எட்வர்ட் ஹிட்ச்காக்குடையவை. 1793இல் பிறந்தவர். இளவயதில் பொன்னுக்கு வீங்கி வந்து கண்பார்வை கெட்டதால் வானியல் ஆசையை விட்டார். சில வருடம் தேவாலய போதகர், அப்புறம் இதே கல்லூரியில் வேதியியலும் இயற்கை வரலாறும் கற்பித்த பேராசிரியர். 1845 முதல் 1854 வரை கல்லூரித் தலைவர்.

பேனாவைப் பையிலேயே வைத்துப் பூட்டச் சொன்னார்கள். பென்சில் மட்டும்தான். கையுறை தருவார்கள் என்று நினைத்தேன், அதெல்லாம் சினிமாவில்தானாம், கை சுத்தமாக இருந்தால் போதும். பெட்டி வந்தது. முதலில் கண்ணில் பட்டது, உறை இல்லாதது. ஒரே தாளை மடித்து, மடித்து, கடைசி முகத்தில் விலாசம் எழுதி, அரக்கு வைத்து ஒட்டியிருக்கிறார்கள். பிரித்தபோது அரக்கோடு பிய்ந்துவந்த இடத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஓட்டை. அந்த ஓட்டையில் இரண்டு மூன்று வார்த்தைகள் போய்விட்டன.

உறை ஏன் இல்லை என்பதற்குக் காரணம் காசு. 1845 வரை அமெரிக்கத் தபால் கட்டணம் தூரத்தையும் தாள்களின் எண்ணிக்கையையும் வைத்துத்தான். ஒரு தாள் 30 மைல் போக 6 சென்ட், 400 மைலுக்கு மேல் போனால் 25 சென்ட். உறை போட்டால் அதுவும் இன்னொரு தாள், கட்டணம் இரட்டிப்பு. பெரும்பாலும் பணம் கட்டியது அனுப்பியவர் இல்லை, வாங்கிக்கொள்பவர்! அதனால் ஓரத்தில் கூட இடம் விடாமல் எழுதித் தள்ளியிருக்கிறார்கள். ஹிட்ச்காக்கின் கையெழுத்து வேறு என்னைப் பாடாய்ப் படுத்தியது. ஒரு பக்கத்தை வாசிக்க முக்கால் மணி நேரம்.

அவரைப் பெயரெடுக்க வைத்ததும் ஒரு 6 சென்ட் தூரத்துக் கடிதம்தான். 1835இல் பக்கத்து ஊரான கிரீன்ஃபீல்டில் நடைபாதைக்குப் பாவக் கொண்டுவந்த மணற்கல் பலகைகளில் மூன்று விரல் தடங்கள் தெரிந்தன. வான்கோழிக் கால் மாதிரி இருக்கிறது என்று ஊரில் பேச்சு. ஜேம்ஸ் டீன் என்ற உள்ளூர் டாக்டர் ஹிட்ச்காக்குக்கு எழுதினார். இவர் நம்பவில்லை, வேறு ஏதோ காரணத்தால் உண்டான குறியாக இருக்கும் என்று பதில் போட்டார். டீன் விடவில்லை. மறுபடி எழுதினார், சாந்தில் அச்செடுத்து அனுப்பினார். அதன் பிறகுதான் இவர் நேரில் போய்ப் பார்த்தார். பார்த்தவர் அதோடு அதே பைத்தியம். 1836இல் ஆய்விதழில் கட்டுரை வெளியிட்டு, இவை ராட்சதப் பறவைகளின் தடங்கள் என்றார். டைனோசர் என்ற சொல்லே 1842இல்தான் பிறந்தது, எனவே அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சொல் வந்த பிறகும் கடைசிவரை பறவையை அவர் விட்டுக்கொடுக்கவில்லை.

1840களில் யார் முதலில் கண்டுபிடித்தது என்று இருவருக்கும் சண்டை, அதுவும் அச்சிலேயே. விஞ்ஞானமாக விளக்கியவன் நான் என்றார் இவர். கண்ணில் காட்டியவன் நான் என்றார் டீன். என் ஓட்டு டீனுக்கு. நம்பாத ஆளை நம்ப வைக்க அச்செடுத்து அனுப்பிய மனுஷன் அவர்.

ஹிட்ச்காக் தலைவரானபோது கல்லூரி கடனில் இருந்தது, மாணவர்களும் குறைந்திருந்தார்கள். செலவு போக மிஞ்சுவதைச் சம்பளமாக எடுத்துக்கொள்கிறோம் என்று பேராசிரியர்கள் ஒத்துக்கொண்டார்கள். தலைவரின் வேலையில் பாதி, பணக்காரர்களைப் பிடிப்பது. ஈஸ்தாம்ப்டனின் சாமுவேல் வில்லிஸ்டன் அப்படி வாரிக் கொடுத்தவர். அவர் சொத்து முழுக்கப் பொத்தானில் வந்தது. மனைவி வீட்டில் உட்கார்ந்து பொத்தானுக்குத் துணி சுற்றத் தொடங்கியதிலிருந்து வளர்ந்த தொழில். 1847இல் மாசசூசெட்ஸ் அரசும் 25,000 டாலர் தந்தது. இவ்வளவுக்கு நடுவில் அஜீரணப் புலம்பல் தனி. மனிதர் ஆயுள் முழுக்க வயிற்றோடு போராடியவர், தலைவராவதற்கு முன்பே அஜீரணத்தைப் பற்றி ஒரு புத்தகமும் போட்டவர். தலைவரான அதே 1845இல் சார்ல்ஸ் டார்வின் அவருக்கு எழுதி, இந்தத் தடங்கள் நூற்றாண்டின் மிக வினோதமான கண்டுபிடிப்புகளில் ஒன்று என்று பாராட்டினார். வயிற்றுவலி அன்றைக்காவது கொஞ்சம் குறைந்திருக்கும்.

மறுநாள் காலை, அருங்காட்சியகக் கதவு திறந்ததும் முதல் ஆள் நான்தான். மாமத யானையின் எலும்புக்கூட்டை நின்றுகூடப் பார்க்காமல் தடங்கள் இருந்த பகுதிக்குப் போனேன். சுவர் முழுக்கக் கற்பலகைகள். விளக்கை ஒரு பக்கமாகச் சாய்த்து வைத்திருப்பதால் ஒவ்வொரு விரலின் பள்ளத்திலும் நிழல் விழுகிறது. ஏறக்குறைய 20 கோடி ஆண்டுகளுக்கு முந்தைய ஏரிக்கரைச் சேறு. ஒன்றில் மழைத்துளி விழுந்த குழிகள்கூட அப்படியே இருக்கின்றன. 1802இல் பிளைனி மூடி என்ற பண்ணைப் பையன் உழும்போது கிளப்பிய கல்லும் இங்கேதான். வீட்டு வாசற்படியாகக் கிடந்ததாம், பைபிள் வெள்ளக் கதையில் வரும் நோவாவின் காக்கை நடந்த தடம் என்று அக்கம்பக்கத்தில் சொன்னார்களாம்.

நான் அதிக நேரம் நின்றது ‘கல் புத்தகம்’ முன்னால். ஒரே தடம் பதிந்த பாறையை அடுக்கு அடுக்காகப் பிரித்து, ஏடுகளைப் போலப் புரட்டும்படி ஹிட்ச்காக் கோத்து வைத்தது. மேல் அடுக்கில் விரல் நகம்வரை தெளிவு. கீழே போகப் போகத் தடம் மழுங்கி, வெறும் அழுத்தமாக முடிகிறது. மிதித்த கனம் அத்தனை அடுக்கும் இறங்கியிருக்கிறது. முந்தின நாள் முக்கால் மணி நேரம் அவருடைய ஒரு பக்கத்தோடு மல்லுக்கட்டியவனுக்கு, இந்தப் பக்கங்களை வாசிக்கச் சிரமமே இல்லை.

பெரிய பலகை ஒன்றைப் படமெடுத்து வீட்டு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மாவிடமிருந்து பதில் வந்தது: “காயாத சிமெண்ட் தரையில கோழி நடந்துடுச்சா?”