ஒத்துக்காதவன் இன்னா பண்ணுவான்?

நேற்று ராத்திரி சிவில் சர்வீஸ் தேர்வு மார்க் பார்த்தேன். அரசியல் அறிவியல் இரண்டாம் தாளில் போன முறை 96, இந்த முறை 128. ரேங்க் கதை அப்புறம். அந்த 32 மார்க் எங்கிருந்து வந்தது என்பதை மட்டும் முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன முறை ஐரோப்பிய ஒன்றியக் கேள்வியில், ஸ்ட்ராஸ்பர்க்கில் இருக்கும் மனித உரிமை நீதிமன்றத்தை ஒன்றியத்தின் உறுப்பு என்று எழுதி, அதன்மேல் ஒரு பக்கம் வாதமும் கட்டிவிட்டேன். அது 46 நாடுகள் உள்ள ஐரோப்பா கவுன்சிலுடையது. 27 நாடுகளின் ஒன்றியத்துக்கு நீதிமன்றம் லக்சம்பர்க்கில். அண்ணா நகருக்கு இரண்டு பஸ் மாறிப் போய், காசு கொடுத்து வாங்கிய நோட்ஸிலேயே அப்படித்தான் இருந்தது. சரி, நோட்ஸை மட்டும் திட்டி என்ன செய்ய? தமிழில் எழுதுகிற நாம் ஐநா, தெற்காசிய நாடுகளின் சார்க், ஐரோப்பிய ஒன்றியம் எல்லாவற்றையும் 'பன்னாட்டு அமைப்பு' என்றே எழுதிப் பழகிவிட்டோம். பெயர் ஒன்றானால் வேலையும் ஒன்றுதான் என்று கை தானாக எழுதிவிடுகிறது.

எனக்குத் தெளிவு வந்தது காசிமேட்டில். மீன்பிடித் தடைக்காலம், 61 நாள் படகு கரையில். அப்பா கிழிந்த வலையைப் பின்னிக்கொண்டிருந்தார். ஐரோப்பாவில் எந்த மீனை எத்தனை டன் பிடிக்கலாம் என்று அமைச்சர்கள் கூடி முடிவு பண்ணுகிறார்கள் என்று சொன்னேன். வலையிலிருந்து தலை நிமிராமல் கேட்டார்: "ஒத்துக்காதவன் இன்னா பண்ணுவான்?"

55 சதவீத நாடுகள், அவற்றில் ஒன்றியத்தின் மொத்த மக்கள்தொகையில் 65 சதவீதம், இவ்வளவு சேர்ந்தால் போதும். எதிர்த்து ஓட்டுப் போட்ட நாட்டின் படகும் அந்த அளவுக்குள்தான் பிடிக்க வேண்டும். 1951இல் ஆறு நாடுகள் நிலக்கரியையும் எஃகையும் ஒரு பொது அதிகாரத்திடம் விட்டதும் இதே தைரியத்தில்தான். பெயர் ஒன்றானாலும் வேலை வேறு என்று, சொல்லிக்கொண்டிருக்கும்போதே எனக்கே உறைத்தது.

அதற்குப் பிறகு எந்த அமைப்பைப் படித்தாலும் இந்த ஒரு கேள்விதான்:

சார்க்: ஒருமனதாக இருந்தால்தான் முடிவு, இருதரப்புத் தகராறு பேசவே கூடாது. 2014 காத்மாண்டுவுக்குப் பிறகு உச்சிமாநாடே இல்லை.

ஐநா பாதுகாப்பு அவை: 15இல் 9 ஓட்டு வேண்டும், நிரந்தர ஐவரில் ஒருவர் மறுத்தாலும் போச்சு.

ஐஎம்எஃப் (பன்னாட்டு நாணய நிதியம்): பெரிய முடிவுக்கு 85 சதவீத ஓட்டு. அமெரிக்காவிடம் மட்டும் 16க்கு மேல். கணக்கை நீங்களே போடுங்கள்.

உலக வர்த்தக அமைப்பு: தீர்ப்பு கட்டுப்படுத்தும். ஆனால் புது நியமனங்களை அமெரிக்கா மறித்ததால் 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பு முடங்கிக் கிடக்கிறது. தோற்ற நாடு மேல்முறையீடு போட்டால் தீர்ப்பு அந்தரத்தில் தொங்கும்.

தொடங்கிய ஆண்டு, தலைமையகம் எல்லாம் பிரிலிம்ஸோடு சரி. குரூப் ஸ்டடி எனக்கு ஒத்துவரவில்லை, உங்களுக்கு வரலாம்.

கடைசியாக ஒன்று. ஐரோப்பா கவுன்சில் வேறு, நாட்டுத் தலைவர்கள் கூடும் ஐரோப்பிய கவுன்சில் வேறு, அமைச்சர்கள் கூடும் ஒன்றியத்தின் கவுன்சில் வேறு. அவசரத்தில் கை மாற்றி எழுதும். அதனால் பெயருக்குப் பக்கத்திலேயே '46 நாடுகள்', 'தலைவர்கள்', 'அமைச்சர்கள்' என்று ஒரு சொல் சேர்த்துவிடுங்கள்.