செவ்வந்தியைத் தின்ற உறையூர்க்காரன்

போன அக்டோபரில், ஆயுத பூஜைக்கு முந்தின நாள் சாயங்காலம், ஒரு கொத்து மஞ்சள் செவ்வந்தியோடு லிஃப்டில் ஏறினேன். எங்கள் கட்டடத்தின் ஐந்தாவது மாடிப் பாட்டியும் கூடவே ஏறினார். எப்போது பார்த்தாலும் வெயிலைப் பற்றியோ மழையைப் பற்றியோ ஒரு வார்த்தை சொல்லிச் சிரிப்பவர், அன்று என் கையைப் பார்த்ததும் முகம் மாறிவிட்டார். தணிந்த குரலில், "ஓஹாகாமாய்ரி தெஸ்கா?" என்று கேட்டார். கேள்வி புரியாவிட்டால் "ஹாய்" என்று சொல்லிவைப்பது என் வழக்கம். ஆமாம் என்று பொருள். எட்டு வருஷமாக அந்த ஒரு சொல்லை வைத்து டோக்கியோவில் காலம் தள்ளியவன் நான். அன்றும் சொன்னேன். பாட்டி இடுப்பு வரை குனிந்து வணங்கிவிட்டு இறங்கிப் போனார்.

வீட்டில் வந்து சொன்னதும் என் மனைவி தலையில் அடித்துக்கொண்டாள். கல்லறைக்குக் கும்பிடப் போகிறீர்களா என்று கேட்டிருக்கிறார்.

பாட்டி மேல் தப்பில்லை. இங்கே சூப்பர் மார்க்கெட் வாசலில் ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவைத்திருக்கும் செவ்வந்திக் கொத்து, செத்தவர்களுக்கு என்றே விற்பது. வீட்டுப் புத்தர் மாடத்தில் வைப்பார்கள், இல்லாவிட்டால் கல்லறைக்குக் கொண்டுபோவார்கள். செப்டம்பர் கடைசியில் அதற்கென்றே ஒரு வாரம் வரும், ஓஹிகன் என்று. அது அப்போதுதான் முடிந்திருந்தது. ஏதோ காரணத்தால் தாமதமாகப் போகிறான் பாவம் என்று பாட்டி நினைத்திருக்க வேண்டும். நானோ அந்தக் கொத்தைப் பிரித்து உறையூர் வெக்காளியம்மன் படத்துக்கு இரண்டு, சரஸ்வதிக்கு இரண்டு, மகளின் புத்தகப் பைக்கு ஒன்று, ஆபீஸ் லேப்டாப்புக்கு ஒன்று, மிச்சத்தைச் சைக்கிள் ஹேண்டில்பாரில் செருகி, குங்குமமும் வைத்தேன். மறுநாள் சைக்கிள் நிறுத்துமிடத்தில் அதைப் பார்த்தவர்கள் யாருக்கு என்ன ஆயிற்று என்று நினைத்தார்களோ. நம் ஊரில் இதே பூதான் பாடையிலும் கிடக்கும், அம்மன் கழுத்திலும் கிடக்கும், லேத் பட்டறையில் மிஷின் தலையிலும் கிடக்கும். பூவுக்கு வித்தியாசம் தெரியாது, நமக்கும் தெரியாது.

இரண்டு வாரம் கழித்துப் பாட்டி கதவைத் தட்டினார். செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டுக் கீரை. வார்டு நிர்வாகம் வாடகைக்கு விடும் சின்னத் தோட்டத் துண்டில் அவரே போட்டதாம். கல்லறைக்காரனுக்கு ஆறுதல் பரிசு என்று நானே அர்த்தம் பண்ணிக்கொண்டேன். வாங்கி உள்ளே வந்து காகிதத்தைப் பிரித்தேன்.

எனக்கு ஒரு கணம் எங்கே இருக்கிறேன் என்று தெரியவில்லை. இலை பார்க்க முள்ளங்கிக் கீரையின் குட்டித் தம்பி மாதிரி, ஓரமெல்லாம் வெட்டு வெட்டாக இருந்தது. வாசனை மட்டும் அச்சு அசல் செவ்வந்தி. திருச்சி உறையூரில் எங்கள் வீட்டுத் திண்ணையில் ஈரச்சாக்கின் மேல் கொட்டிக் கிடந்த உதிரிப்பூவின் வாசனை. அப்பாயி, அதாவது அப்பாவின் அம்மா, ஸ்ரீரங்கம் சாத்தார வீதி மார்க்கெட்டுக்குப் பூ கட்டிக் கொடுப்பார். விடியற்காலை நான்கு மணிக்கு உட்கார்ந்தால் வாழைநாரை வாயில் ஒரு முனை கடித்து, விரலில் ஒரு முனை சுற்றி, பேசிக்கொண்டே, பார்க்காமலே கட்டுவார். அந்த விரல்களை முகர்ந்தால் என்ன வாசம் வருமோ அது இப்போது என் சமையல் மேடையில், சாப்பிடு என்று கட்டாகக் கிடந்தது.

பெயர் ஷுங்கிகு. கிகு என்றால் செவ்வந்தி. மற்றச் செவ்வந்திகள் இலையுதிர்காலத்தில் பூக்கும்போது இது மட்டும் வசந்தத்தில் பூப்பதால் வசந்தச் செவ்வந்தி. ஒசாகா பக்கம் கிகுனா என்பார்கள், செவ்வந்திக் கீரை என்று நேராகவே. குளிர்காலத்தில் சுகியாகி என்ற இறைச்சிச் சட்டிச் சமையலில் இது இல்லாமல் இருக்காது.

இங்கே ஒரு சங்கடத்தைச் சொல்லியாக வேண்டும். திருச்சிக்காரர்களுக்குத் தெரியும், மலைக்கோட்டைத் தாயுமானவருக்குச் செவ்வந்திநாதர் என்றும் பெயர். சாரமா முனிவர் சாமிக்கென்று செவ்வந்தி நந்தவனம் வைத்தார். ஒரு வணிகன் அந்தப் பூவைத் திருடிக்கொண்டுபோய் உறையூர் ராஜாவிடம் கொடுக்க, ராஜா அவனைத் தண்டிக்காமல் பூவைச் சந்தோஷமாக வாங்கிக்கொண்டார். சாமிக்குக் கோபம். கிழக்கே பார்த்திருந்தவர் உறையூரை நோக்கி மேற்கே திரும்பி மண்மாரி பொழிய, ஊரே மூடிப்போயிற்று. இன்றும் கொடிமரம் சந்நிதிக்குப் பின்பக்கம்தான் நிற்கிறது. வெக்காளியம்மன் கூரை இல்லாமல் வெயிலிலும் மழையிலும் உட்கார்ந்திருப்பதும் அன்று வீடிழந்த சனங்களுக்காகத்தான். பூவைத் திருடியதற்கே மண்மாரி என்றால், செடியையே பருப்புப் போட்டுக் கூட்டு வைக்கிறவனுக்கு என்ன காத்திருக்கிறதோ?

கூட்டுதான் வைத்தேன். கீரை என்றால் நமக்குக் கை போகும் வழி அது ஒன்றுதானே. பாசிப்பருப்பு, சீரகம், பூண்டு, எல்லாவற்றையும் கீரையோடு குக்கரில் போட்டு மூன்று விசில். மூடியைத் திறந்தபோது வந்த ஆவியில் கண்ணை மூடினால், அர்ச்சகர் இப்போது மணி அடிப்பார் என்று தோன்றியது. நிறம் கருப்புக்குப் பக்கத்தில். ஒரு வாய் வைத்த மகள், "அப்பா, இது கோயில் வாசம் அடிக்குது. சாமி கோச்சுக்காதா?" என்றாள். இரண்டு தடவைதான் ஊருக்கு வந்திருக்கிறாள், அவளுக்கே தெரிந்துவிட்டது. கசப்பு வேறு. வெந்தயக்கீரையின் கசப்பில் ஒரு மரியாதை இருக்கும். இது சூடு ஏற ஏறக் கசந்துகொண்டே போகிற ரகம். மீதியை நான் ஒருவனே மூன்று நாள் சாப்பிட்டேன். பாட்டி கொடுத்ததைக் குப்பையில் போட மனமில்லை.

அடுத்த முறை லிஃப்டில் பாட்டியிடம் கைச்சாடையில் சமைத்த விதத்தைச் சொன்னேன். மூன்று விசிலை "ஷூ, ஷூ, ஷூ" என்று சொல்லிக் காட்டியதும் வாயைப் பொத்திக்கொண்டார். பிறகு ஒரு விரலைத் தூக்கி, கொதிக்கும் நீரில் காம்பை முதலில் விட்டு, பத்து எண்ணி, இலையை அமுக்கி உடனே எடுத்துக் குளிர்ந்த தண்ணீரில் போட வேண்டும் என்று நடித்துக் காட்டினார். பிழிந்து, வறுத்து நுணுக்கிய எள், சோயா சாஸ், துளி சர்க்கரை போட்டுப் பிசைவது. கோமா-ஆயே என்று பெயர். செய்தேன். நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எள்ளும் செவ்வந்தியும் ஒரே கிண்ணத்தில் இருப்பதைப் பார்த்து என் மனைவி, "திதி கொடுக்கிற தட்டு மாதிரி இருக்கு, எனக்கு வேண்டாம்" என்று நகர்ந்துவிட்டாள்.

சரி, நாமே வளர்த்து நம் கைக்குப் பழக்கலாம் என்று தோன்றியது. நாங்கள் இருப்பது நிஷிகசாய். இந்தியர்கள் நிறைய இருக்கும் இடம், வெண்டைக்காய், முருங்கைக்காய், கறிவேப்பிலை எல்லாம் நடந்துபோகிற தூரத்தில் கிடைக்கும். தினப்படிக் கீரைக்குக் கொமாட்சுனா இருக்கிறது. அதன் பெயரே எங்கள் எதொகவா வார்டில் உள்ள கொமாட்சுகவா என்ற இடத்திலிருந்து வந்ததுதான். அது சாது, எதில் போட்டாலும் அடங்கிப்போகும், அரைக்கீரை என்று நம்மை நாமே ஏமாற்றிக்கொள்ளலாம். அதெல்லாம் இருந்தும் இந்த அடங்காத செடிதான் மனதில் நின்றது.

நூறு யென் கடையில் விதை வாங்கினேன். மண்ணும் வாங்க வேண்டும். இங்கே மண்ணைப் பால் மாதிரி லிட்டர் கணக்கில் விற்கிறார்கள். 14 லிட்டர் மண் மூட்டையைச் சைக்கிள் கூடையில் வைத்து ஓட்டிவந்தேன். வேண்டாம் என்றால் தூக்கிப்போடவும் முடியாது. எரியும் குப்பை, எரியாத குப்பை, பாட்டில், டப்பா என்று எத்தனை வகை பிரித்தாலும் மண்ணை எந்த வண்டியும் எடுக்காது. உறையூரில் வானத்திலிருந்து கொட்டியது இங்கே காசு கொடுத்து வாங்கிக் காலம் முழுக்க வைத்துக்கொள்ள வேண்டிய பொருள். பால்கனியில் பக்கத்து வீட்டுக்கு நடுவே இருக்கும் மெல்லிய தடுப்பு, தீப்பிடித்தால் உடைத்துக்கொண்டு ஓடுவதற்கு. அதன் முன்னால் எதையும் வைக்கக் கூடாது. அதை விட்டு, துணி காயும் இடத்தையும் விட்டு, மிச்சமிருந்த மூலையில் நீளத் தொட்டி ஒன்றை வைத்தேன்.

முதல் விதைப்பு ஒன்றுகூட முளைக்கவில்லை. வெண்டை ஊன்றுவது மாதிரி விரலால் குழி போட்டு நன்றாக மூடிவிட்டேன். ஷுங்கிகு விதைக்கு வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும் புத்தி வரும். மேலே தூவி, மண்ணைத் தொட்டும் தொடாமலும் போட்டு, உள்ளங்கையால் அமுக்கிவிட வேண்டும். எல்லா விதையும் முளைக்காது என்பதால் நெருக்கித் தூவ வேண்டும். இதுவும் பாட்டி வந்து எட்டிப் பார்த்துச் சொன்னதுதான். இரண்டாம் முறை, அக்டோபர் கடைசியில், எட்டாம் நாள் பச்சைப் புள்ளிகள் தெரிந்தன. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டுப் போய்ப் போய்ப் பார்த்தேன்.

டிசம்பர், ஜனவரியில் செடி வளர்வதாகவே தெரியவில்லை. மேலே மெல்லிய வெள்ளைத் துணி போட்டு மூடிவைத்தேன். பிப்ரவரியில் ஒரு சாண் வந்ததும் நடுத்தண்டைக் கிள்ளினேன், கீழே நாலைந்து இலை விட்டு. கிள்ளின இடத்துக்குக் கீழே கணுவுக்குக் கணு பக்கக்கிளை வந்தது. அப்புறம் கிள்ளக் கிள்ள வந்துகொண்டே இருந்தது. கடையில் ஒரு கட்டு 200 யென்னுக்குக் குறையாது என்பதை நான் மனைவியிடம் தினமும் சொன்னேன். மண் மூட்டையின் விலையை அவள் தினமும் நினைவுபடுத்தினாள்.

அந்த இரண்டு மாதமும் கீரை வேட்டைதான். பருப்பைத் தனியாக வேகவைத்து, தாளித்து, அடுப்பை அணைத்த பிறகு நறுக்கிய இலையைப் போட்டுக் கிளறி மூடிவிட்டால் போதும். பருப்புச் சூட்டிலேயே வதங்கி, வாசனை பாதியாக அடங்கி, கசப்பு அடிநாக்கில் மட்டும் ஒரு கோடு போட்டுவிட்டுப் போகும். ரசத்தில் கொத்தமல்லிக்குப் பதிலாக நாலு இலை கிள்ளிப் போட்டால் பிரமாதம். ஆனால் பட்டம் பக்கோடாவுக்குத்தான். ஜப்பானியர்கள் தெம்புராவாகப் பொரிப்பதைப் பார்த்து, நான் கடலை மாவும் அரிசி மாவும் பெருஞ்சீரகமும் வெங்காயமும் சேர்த்து உதிர்த்துப் போட்டேன். எண்ணெயில் விழுந்ததும் இலையின் நுனியெல்லாம் முறுகி, மென்றால் கடைசியில் லேசாகப் பூ மணக்கும். மகள் கோயில் வாசம் என்ற புகாரை வாபஸ் வாங்கினாள். பாட்டிக்கு ஒரு தட்டு போனது. தட்டு திரும்பும்போது அதில் ஆறு மிக்கான் ஆரஞ்சுகள் இருந்தன. வெறும் தட்டைத் திருப்பித் தரக் கூடாது என்பது அப்பாயிக்கும் தெரியும், ஐந்தாம் மாடிக்கும் தெரியும்.

சாமி குத்தம் விஷயத்தில் எனக்கு ஆறுதல் கொடுத்தது யமகதா மாகாணம். அங்கே இலையை விட்டுவிட்டு ஊதாச் செவ்வந்தியின் இதழையே பிய்த்து, வேகவைத்து, வினிகர் தெளித்துச் சாப்பிடுகிறார்கள். அந்தப் பூவுக்கு ஊர் வைத்த பெயர் மொத்தே நோ ஹொகா. "அடாத செயல்" என்று சொல்லலாம். பதினாறு இதழ்ச் செவ்வந்தி பேரரசர் குடும்பத்தின் சின்னம், பாஸ்போர்ட் அட்டையில் இருக்கிறது. அதைப் போய்த் தின்பதாவது என்பதால் அப்படிப் பெயர் வந்தது என்பார்கள். பயம் நமக்கு மட்டும் இல்லை, ருசியும்தான்.

ஏப்ரலில் பகல் நீண்டதும் செடி கீரையாக இருக்க மறுத்தது. கிள்ளுவதை நிறுத்தினேன். மே மாத ஆரம்பத்தில், சித்திரா பௌர்ணமியை ஒட்டி, மொட்டுகள் விரிந்தன. மஞ்சள், ஓரத்தில் வெள்ளை. நம் செவ்வந்தி மாதிரி அடுக்கு இல்லை, ஒற்றை வரிசைதான். பதினோரு பூ. நார் இல்லை, தையல் நூல்தான் இருந்தது. அம்மா வீடியோவில், "சுண்டு விரலைத் தூக்குடா, நூலை மேல விட்டுச் சுத்து" என்று சொல்லச் சொல்ல, ஒரு மணி நேரத்தில் முக்கால் சாண் கட்டினேன். நடுவில் இரண்டு பூ கழன்றுவிட்டது. திண்ணையில் அத்தனை வருஷம் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன், ஒரு முடிச்சுகூடக் கற்றுக்கொள்ளவில்லை. ஆம்பளப் பிள்ளைக்கு எதுக்கு என்று அப்பாயியும் விட்டுவிட்டார்.

அவர் போனது 2021 மே. அப்போது இந்தியாவுக்குப் போனால் ஜப்பானுக்குத் திரும்பி வர விடமாட்டார்கள். ஸ்ரீரங்கம் அம்மா மண்டபம் படித்துறையில் அஸ்தி கரைத்ததைப் போனில்தான் பார்த்தேன். சிக்னல் விட்டு விட்டு வந்தது. படம் உறைந்து நின்றபோதெல்லாம் தண்ணீரில் மிதக்கிற செவ்வந்தி மட்டும் தெளிவாகத் தெரிந்தது.

கட்டிய சரத்தை அப்பாயி படத்துக்குப் போட்டேன். கழன்ற இரண்டு பூவைக் கையில் வைத்துக்கொண்டு, குப்பை போடக் கீழே போகும்போது லிஃப்டில் பாட்டி. பூவைப் பார்த்தார். "உங்கள் கல்லறை எங்கே இருக்கிறது?" என்று மெதுவாகக் கேட்டார். இந்தத் தடவை கேள்வி முழுசாகப் புரிந்தது. எங்களுக்குக் கல்லறை கிடையாது, எரித்து ஆற்றில் கரைத்துவிடுவோம், எங்கள் ஆற்றின் பெயர் காவிரி என்று சொல்ல வாயெடுத்தேன். வந்தது ஒரே சொல்தான்.

"காவா." ஆறு.

பாட்டி கொஞ்சம் யோசித்தார். எங்கள் வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் ஓடுகிற ஆறு இருக்கும் திசையில் கையைக் காட்டி, "அராகாவாவா?" என்றார்.

"ஹாய்" என்றேன்.