வளவு தாண்டிய நெட்: ரூட்டர் இல்லாமல்

கரண்ட் போய்க் கணினி மறுபடி பூட் ஆன பிறகும் வீட்டின் இரண்டாம் கட்டில், அதாவது வளவுக்கு (நடுமுற்றத்துக்கு) அந்தப் பக்கம் இருக்கும் பகுதியில், நெட் தானாக வருகிறது. ஜெயித்தாச்சு!

வீடு காரைக்குடிப் பக்கம். முகப்பு ஒரு தெருவில், பின்வாசல் அடுத்த தெருவில். ஃபைபர் இன்னும் எங்கள் தெருவை எட்டவில்லை. போனுக்குச் சிக்னல் முகப்பில்தான் கிடைக்கும். ஹாட்ஸ்பாட் போட்டால் அந்தக் கனத்த சுவர்களைத் தாண்டாது. சித்தப்பாவின் கணினியோ இரண்டாம் கட்டில். ஜிஎஸ்டி ரிட்டர்ன் போடும் 20ஆம் தேதி நெருங்கினால் பென் டிரைவோடு என் அறை வாசலில் வந்து நிற்பார்.

அதனால் முகப்பறையில் என் கணினி, அதன் யுஎஸ்பியில் நெட் கொடுக்கும் போன், அங்கிருந்து ஒரே லான் கேபிள் சித்தப்பா கணினிக்கு. இரண்டு கணினிகளை நேராக இணைக்க முன்பு தேவைப்பட்ட கிராஸ் கேபிளெல்லாம் தேடவில்லை. அனுப்பும் கம்பி, வாங்கும் கம்பி எது என்பதை கிகாபிட் போர்ட்டுகள் தாமே மாற்றிக்கொள்ளும். சுவரில் துளை போட அப்பத்தா விடவில்லை. "வெள்ளைக்கருப் பூச்சுப்பா, ஒரு ஆணி அடிச்சாலும் பொரிஞ்சு வந்துரும்" என்றார். வளவுக்கு மேலே குரங்குக்காகப் போட்டிருக்கும் கம்பி வலையோடு சேர்த்துக் கட்டிக் கொண்டுபோய்விட்டேன். வெயில் படும் இடம் என்பதால் வெளிப்புறத்துக்கான கறுப்பு உறைக் கேபிள். 100 மீட்டர் வரை தாங்கும், எனக்கு அதில் பாதிகூட ஆகவில்லை.

கேபிள் வாங்கும்போது நுனியைக் கத்தியால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அது தாமிரம் பூசிய அலுமினியம். செக்காலை ரோட்டில் ஒரு கடையில் சுரண்டியதும் கடைக்காரர் முகமே மாறிவிட்டது. அடுத்த கடையில் நல்ல தாமிரம் கிடைத்தது, விலை கூடத்தான்.

இனி என் தூக்கத்தைக் கெடுத்த விஷயம். ஒரு கணினியின் நெட்டை இன்னொன்றுக்குப் பகிர விண்டோஸில் இருக்கும் இன்டர்நெட் கனெக்‌ஷன் ஷேரிங், 1999இல் விண்டோஸ் 98 இரண்டாம் பதிப்போடு வந்த பழைய சரக்கு. போன் அடாப்டரின் (நெட்வொர்க் பட்டியலில் போனுக்கான இணைப்பின்) ப்ராப்பர்டீஸில் ஷேரிங்குக்கு டிக் போட்டதும் லான் பக்கம் 192.168.137.1 ஆனது, சித்தப்பா கணினிக்கும் அதே வரிசையில் முகவரி கிடைத்தது, யூடியூப் ஓடியது. மறுநாள் காலை பார்த்தால் அங்கே 169.254 என்று தொடங்கும் முகவரி. அதாவது முகவரி கொடுக்க ஆளே இல்லை. இங்கே என் கணினியில் டிக் என்னவோ அப்படியே இருக்கிறது! டிக்கை எடுத்து, ஓகே கொடுத்து, திரும்பப் போட்டால் உயிர் வரும். ரீபூட் செய்தால் மறுபடி போச்சு. பூம்பூம் மாடு மாதிரி தலையை மட்டும் ஆட்டும், வேலை நடக்காது.

காரணம் இதுதான்: நாலு நிமிஷம் போக்குவரத்து இல்லையென்றால் ஷேரிங்கைப் பின்னணியில் நடத்தும் சர்வீஸ் படுத்துவிடும், பிறகு தானாக எழுந்திருக்காது. மருந்து இரண்டு. சர்வீசஸில் அதன் ஸ்டார்ட்அப் வகையை ஆட்டோமேட்டிக் ஆக்க வேண்டும். அப்புறம் விண்டோஸ் தன் அமைப்புகளைப் பதிந்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் லோக்கல் மெஷின், சாஃப்ட்வேர், மைக்ரோசாஃப்ட், விண்டோஸ், கரன்ட்வெர்ஷன், ஷேர்டுஆக்சஸ் வரை இறங்கி, 'எனேபிள்ரீபூட்பெர்சிஸ்ட்கனெக்‌ஷன்' என்று இடைவெளி விடாமல் ஒரு டிவேர்ட் (எண் வகைப் பதிவு) உருவாக்கி, மதிப்பு 1 கொடுக்க வேண்டும். விண்டோஸ் 10இன் 1709 பதிப்பிலிருந்துதான் இது எடுபடும். இரண்டில் ஒன்றை மட்டும் செய்து பார்த்தேன், நிற்கவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் நிற்கிறது.

மிச்சம் ஒரு தொல்லை உண்டு. போனைக் கழற்றி மாட்டினால் சில நேரம் அதைப் புது அடாப்டராக எண்ணி 'ஈதர்நெட் 5', 'ஈதர்நெட் 6' என்று பெயர் ஏறிக்கொண்டே போகிறது, ஷேரிங் பழையதிலேயே தங்கிவிடுகிறது. அதனால் பழைய போன் ஒன்றைச் சிம்மோடு நிரந்தரமாகக் கட்டிப்போட்டிருக்கிறேன். எந்நேரமும் சார்ஜில் கிடப்பதால் பேட்டரி உப்புகிறதா என்று அடிக்கடி தடவிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

அடுத்து, பரணில் கிடக்கும் லேப்டாப்பில் லினக்ஸ் போட்டு இந்த வேலையை அதனிடம் ஒப்படைக்க யோசனை. நெட்வொர்க் மேனேஜரில் 'மற்ற கணினிகளோடு பகிர்' என்று ஒரே தேர்வு, 10.42.0.1 முகவரியோடு எல்லாம் அதுவே பார்த்துக்கொள்ளும் என்கிறார்கள். என் கணினியை நாள் பூரா ஓடவிட வேண்டாம், கரண்ட் பில்லும் குறையும். அடுப்படிக் கட்டில் தம்பியும் கணினி வைக்கப் போகிறானாம். அப்போது நடுவில் ஒரு கேபிளைப் பல கணினிகளுக்குப் பிரித்துக் கொடுக்கும் ஐந்து போர்ட் சுவிட்ச் ஒன்று வேண்டும். செக்காலைக்குப் போகும்போது கேபிள் நுனியில் மாட்டும் கிரிம்பிங் கிளிப்பும் கூடுதலாக வாங்கி வரணும், கையிருப்பு தீர்ந்துபோச்சு.