எம்ஆர்என்ஏ தடுப்பூசி: வைவாவில் "மைனஸ் 70" மட்டும் போதாது

எம்.டி. சமூக மருத்துவ ரிசல்ட் வந்துவிட்டது. இப்போதுதான் மூச்சு விட முடிகிறது. அடுத்து எழுதப்போகிறவர்களுக்கு, வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) வரும் ஒரே ஒரு பகுதியைப் பற்றிச் சொல்கிறேன். கோவிட் முடிந்துபோன கதை என்று எம்ஆர்என்ஏ தடுப்பூசியை (வைரஸ் புரதத்தைச் செய்யும் குறிப்பை நம் செல்லுக்குக் கொடுக்கும் தடுப்பூசி) தள்ளி வைக்காதீர்கள்.

"ஃபைசர் தடுப்பூசியை எங்கே வைப்பீர்கள்?" என்றால் வாயில் முதலில் வருவது "மைனஸ் 70". அது பாதி விடைதான். எந்த நிற மூடி, குப்பி எந்த நிலையில் இருக்கிறது, எத்தனை நேரம் தாங்கும், மூன்றையும் சேர்த்துச் சொல்லுங்கள். மதிப்பெண் போவதும் வருவதும் இங்கேதான். ஃபைசரின் முதல் வடிவமான ஊதா மூடிக்கு:

- உறைநிலை: மைனஸ் 90 முதல் மைனஸ் 60 டிகிரி
- மைனஸ் 25 முதல் மைனஸ் 15: மொத்தம் 2 வாரம்
- உருகியது, சலைன் (உப்புநீர்) கலக்காதது, 2–8 டிகிரி: 1 மாதம் (பழைய நோட்ஸில் 5 நாள் என்று இருக்கும், 2021 மே மாதம் மாறியது)
- அறை வெப்பத்தில், கலக்கும் முன்: 2 மணி நேரம்
- கலந்த பின்: 6 மணி நேரம்

உருகியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது.

கலக்கும் முறையை எண்களோடு சொல்லுங்கள். குப்பியில் இருப்பது 0.45 மி.லி. அதில் 0.9 சதவீத சலைன் 1.8 மி.லி. சேர்த்தால் 2.25 மி.லி. ஒரு டோஸ் 0.3 மி.லி., அதாவது 30 மைக்ரோகிராம். குப்பிக்கு 6 டோஸ். சாதாரண சிரிஞ்சில் தங்கிவிடும் மருந்தால் 6வது டோஸ் கிடைக்காமல் போகும். மிச்சத்தை இன்னொரு குப்பி மிச்சத்தோடு சேர்த்து ஒரு டோஸ் ஆக்கக் கூடாது. சலைனைச் செலுத்தியதும் ஊசியை எடுக்கும் முன் 1.8 மி.லி. காற்றை உறிஞ்சுங்கள். இல்லாவிட்டால் உள்ளழுத்தம் மருந்தை வெளியே தள்ளும். கலக்காமல் 0.3 மி.லி. போட்டால் 150 மைக்ரோகிராம் போகும், 5 மடங்கு. 2020 டிசம்பரில் ஜெர்மனியின் ஸ்ட்ரால்சுண்டில் 8 பேருக்கு 5 மடங்கு டோஸ் போனது.

பிறகு 10 முறை மெதுவாகத் தலைகீழாக்க வேண்டும். குலுக்கவே கூடாது, குலுக்கினால் எம்ஆர்என்ஏவைச் சுமக்கும் லிப்பிட் (கொழுப்பு) நானோ துகள்கள் சிதைந்து ஒன்றோடொன்று ஒட்டும். 'ஷேக் டெஸ்ட்' (தடுப்பூசி உறைந்து கெட்டதா என்று குலுக்கிப் பார்க்கும் சோதனை) படித்த கையோடு இங்கும் அதைச் சொல்லிவிடாதீர்கள். அது பென்டாவேலன்ட், டி.டி. போன்ற அலுமினிய உப்பு சேர்ந்த தடுப்பூசிகளுக்கு.

சாம்பல் மூடி வேறு கணக்கு. பாஸ்பேட் பஃபருக்கு (பி.எச்.-ஐ நிலையாக வைக்கும் கரைசல்) பதில் டிரிஸ் பஃபர், கலக்க வேண்டாம், 2–8 டிகிரியில் 10 வாரம். ஆனால் மைனஸ் 20 ஃப்ரீசரில் வைக்கக் கூடாது. மாடர்னாவுக்கு மைனஸ் 50 முதல் மைனஸ் 15, பிறகு 2–8 டிகிரியில் 30 நாள். அதையும் கலக்க வேண்டாம்.

மனப்பாடம் எனக்கு ஒத்துவராது. காரணம் பிடிபட்டால்தான் எண் நிற்கும். ஆர்என்ஏவின் ரைபோஸில் 2வது கார்பனில் உள்ள ஹைட்ராக்சில், பக்கத்துப் பாஸ்பேட் பிணைப்பைத் தாக்கிச் சங்கிலியை அறுக்கும். சுற்றிலும் நீர் இருக்கும்வரை இது நடக்கும், குளிர் அதன் வேகத்தைக் குறைக்கும். ஆனால் "எம்ஆர்என்ஏ மென்மையானது" என்று மட்டும் சொன்னால், "அப்படியானால் மாடர்னாவுக்கு ஏன் மைனஸ் 20 போதும்?" என்பது அடுத்த கேள்வி. இரண்டிலும் எம்ஆர்என்ஏதான், லிப்பிடும் பஃபரும் வேறு. அயனியாகும் லிப்பிட் ஃபைசரில் ஏஎல்சி-0315, மாடர்னாவில் எஸ்எம்-102.

செயல்பாட்டில் இந்த அயனியாகும் லிப்பிடைத்தான் விரித்துச் சொல்ல வேண்டும். ரத்தத்தின் பி.எச்.-இல் மின்சுமையின்றி இருக்கும். எண்டோசோமின் (செல் உள்ளிழுத்ததை அடைத்து வைக்கும் பை) அமிலத்தில் நேர்மின்சுமை பெற்று, சவ்வை உடைத்து எம்ஆர்என்ஏவைச் சைட்டோபிளாசத்தில் விடும். ரைபோசோம் ஸ்பைக் புரதத்தை (வைரஸின் மேற்பரப்புப் புரதம்) அங்கேயே செய்கிறது, உட்கருவுக்குள் எதுவும் போவதில்லை. ஆர்என்ஏவின் நான்கு எழுத்துகளில் ஒன்றான யூரிடினுக்குப் பதில் என்1-மெத்தில்சூடோயூரிடின் வைப்பது பிறவி எதிர்ப்பின் தாக்குதலைத் தணிக்க. விஞ்ஞானிகள் கரிக்கோ, வைஸ்மன் 2005இல் காட்டிய மாற்றியமைத்த நியூக்ளியோசைடு வழி இது. 2023 நோபல் அதற்கே. ஸ்பைக்கின் 986, 987ஆம் இடங்களில் இரண்டு புரோலின் (ஓர் அமினோ அமிலம்) வைப்பது அது தன் வடிவம் மாறாமல் நிற்க.

கடைசியாக, "நம் ஐ.எல்.ஆரில் (2–8 டிகிரியில் தடுப்பூசி வைக்கும் குளிர்பெட்டி) வைக்கக்கூடியது உண்டா?" என்றால் புனேயின் ஜென்னோவா. 2022 ஜூனில் அவசர அனுமதி பெற்ற ஜெம்கோவாக்-19க்கு 2–8 டிகிரி போதும். 2023இல் வந்த ஜெம்கோவாக்-ஓஎம் உறைய வைத்து உலர்த்திய பொடி, ஊசியில்லாக் கருவியால் தோலுக்குள் செலுத்துவது. நீரை எடுத்துவிட்டதால் சங்கிலி அறுபடும் வேகம் குறைகிறது என்ற வரியையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

ஸ்பாட்டர் மேசையில் (பொருளைப் பார்த்து அடையாளம் சொல்லும் தேர்வு) குப்பி இருந்தால் லேபிளை வாசிக்கும் முன் மூடியின் நிறத்தைப் பாருங்கள்.